பனியில லாரி டயருக்கு செயின் மாட்டுறதுக்கு காசு கிடையாதாம், கோகிஹல்லா, ரோஜர்ஸ் பாஸ் மலைப்பாதைல ஓட்டுறவங்க கொஞ்சம் சொல்லுங்க

நாமக்கல்லார்:
எல்லாருக்கும் வணக்கம். கால்கரில இருந்து சர்ரேக்கு ஓட்டிட்டு இருக்கேன், பி.சி. (பிரிட்டிஷ் கொலம்பியா) மலைப்பக்கம் இது எனக்கு முதல் குளிர்காலம். ஊர்ல 9 வருஷம் லாரி ஓட்டினவன், நாமக்கல்ல வண்டியிலயே வளந்தவன்னு சொல்லலாம், ஆனா டயருக்கு சங்கிலி கட்டுறதுங்குறத இங்க வந்துதான் கையால தொட்டேன்.

போன வாரம் நடந்தது இது. போகும்போது ரோஜர்ஸ் பாஸ்ல பனிச்சரிவு வேலைன்னு ரோட்டை மூடி ரெண்டு மணி நேரம் நிறுத்திட்டாங்க, திறந்ததும் செயின் கட்டாயம்னு போர்டு லைட் எரியுது. இறங்கி மாட்டினேன், நாலு டயருக்கு 55 நிமிஷம், மைனஸ் 14. இறங்கினதும் கழட்ட 20 நிமிஷம். கோகிஹல்லா போறப்போ ரோடு நல்லா இருந்துச்சு. திரும்பி வரும்போது லோடோட கோகிஹல்லால பாக்ஸ் கேன்யன்ங்குற இடத்துல மறுபடி லைட், மறுபடி மாட்டு, மேல ஏறி மறுபடி கழட்டு. எல்லாம் சேத்து ரெண்டரை மணி நேரம் ரோட்டோரத்துல முழங்கால் போட்டு வேலை பாத்திருக்கேன்.

சம்பளச் சீட்டு வந்துச்சு. மைலுக்கு 56 சென்ட், 1200 மைலுக்கு சில்லறை. அவ்வளவுதான். செயினுக்கு ஒண்ணும் இல்ல, ரோடு மூடி நின்னதுக்கும் ஒண்ணும் இல்ல. கேட்டா "அதெல்லாம் மைல் ரேட்டுக்குள்ளயே சேந்தது"ங்குறாங்க. எங்க ஊர்ல படுதா கட்டினா கூட அதுக்குன்னு ஒரு காசு கேட்டு வாங்குவோம், பேட்டா தனி. இங்க இவ்வளவு பெரிய நாட்டுல இதுதான் வழக்கமா, இல்ல நான் புதுசுன்னு ஏமாத்துறாங்களா? உண்மையிலயே தெரியாமத்தான் கேக்குறேன்.

பழைய_சில்லு:
தம்பி, முதல்ல நீ சுகமா வந்து சேந்ததே பெரிய காரியம். நான் 2004 இல இருந்து ஓடுறன், ரொறொன்ரோவில இருந்து வன்கூவருக்கு. ஒன்ராறியோவில ஓடேக்க சங்கிலி எண்டா என்னெண்டே தெரியாது, ஹைவே 17 இல சுப்பீரியர் ஏரிப்பக்கம் எவ்வளவு பனி கொட்டினாலும் ஒருத்தரும் சங்கிலி போடுறேல்ல. அல்பேர்ட்டா தாண்டி மலைக்குள்ள போனாத்தான் அந்த உலகம் தொடங்குது.

உன்ர கேள்விக்கு நேரா சொல்லுறன். தாற கொம்பனியும் இருக்கு, தராததும் இருக்கு. நான் இப்ப ஓடுற இடத்தில ஒருக்கா மாட்டினா 50 டொலர், எத்தினை தரம் மாட்டினாலும் ஒவ்வொண்டுக்கும் எழுதலாம். முந்தி ஓடின இடத்தில நாளுக்கு ஒருக்கா மட்டும் 25. அதுக்கு முந்தின இடத்தில சைபர். வேலைக்குச் சேரேக்க நான் கேக்கேல்ல, அவையும் சொல்லேல்ல. உனக்கும் அதுதான் நடந்திருக்கு. மைல் காசு எவ்வளவு எண்டு மட்டும் கேட்டுப்போட்டு கையெழுத்து வைக்கிறம், சில்லு உருளாத நேரத்துக்கு என்ன கணக்கு எண்டு கேக்கிறேல்ல.

பி.சி. யில ஒக்டோபர் 1 இல இருந்து ஏப்ரல் 30 வரைக்கும் மலைப்பாதையில சங்கிலி வைச்சிருக்கோணும், 11,794 கிலோவும் அதுக்கு மேலயும் பாரமான வண்டியெல்லாம். வண்டியைப் பொறுத்து ரெண்டு சில்லில இருந்து ஆறு சில்லு வரைக்கும் பூட்டோணும். கொண்டு போகாட்டி 196 டொலர் தண்டம், லைற் எரியேக்க பூட்டாமல் ஓடினா 598. அந்தத் தண்டத்தை எங்கட கையிலதான் எழுதித் தருவான், கொம்பனிக்காரன் வந்து கட்டமாட்டான். பூட்டாட்டி எங்கட காசு போகும், பூட்டினா காசு வராது. இதைத்தான் நான் ஒருநாளும் ஏத்துக்கொள்ளேல்ல.

சாக்ரமெண்டோ_சாரதி:
நான் கலிபோர்னியா பக்கம். ஐ-80ல சாக்ரமெண்டோ, ரீனோ, டோனர் சம்மிட் 7,239 அடி. பனிக்காலத்துல வாரத்துக்கு நாலு தடவை தாண்டுவேன். 2022-23 குளிர்காலத்துல அந்தப் பக்கம் மொத்தம் 754 அங்குலம் பனி விழுந்துச்சு, அந்த வருஷம் எத்தன தடவ மாட்டிக் கழட்டினேன்னு எண்ணிக்கையே விட்டுப்போச்சு.

இங்க ஒரு விஷயம் வித்தியாசம். கலிபோர்னியால மைல் கணக்குல, அதாவது பீஸ் ரேட்ல சம்பளம் குடுத்தா, உருளாத நேரத்துக்கு தனியா மணிக்கூலி குடுக்கணும்னு 2016 ஜனவரில இருந்து சட்டம் இருக்கு, லேபர் கோட் 226.2. என் சம்பளச் சீட்டுல மைல் ஒரு வரி, மத்த வேலை நேரம் ஒரு வரின்னு தனித்தனியா வருது, செயின் மாட்டின நேரம் அந்த ரெண்டாவது வரில விழுந்துடும். வாஷிங்டன் ஸ்டேட்ல இதே கேள்வி அந்த ஊர் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2019ல டிரைவருங்களுக்கு எதிரா தீர்ப்பு வந்துச்சு. ரெண்டும் மேற்குக் கரை ஸ்டேட், ரெண்டுலயும் அதே பனி, வாஷிங்டன் ஸ்னோக்வால்மி பாஸ்ல மாட்டுற டிரைவருக்கு ஒரு நியாயம் டோனர்ல மாட்டுறவனுக்கு ஒரு நியாயம்.

இன்னொண்ணு சொல்றேன், நாமக்கல்லார் உங்க கம்பெனில பேசும்போது இத சொல்லுங்க. டோனர் பக்கம் செயின் கன்ட்ரோல் போட்டா, கார்க்காரங்களுக்கு செயின் மாட்டிவிடவே ஆளுங்க நிப்பாங்க, கால்ட்ரான்ஸ்ங்குற ரோட்டுத் துறைகிட்ட பெர்மிட் வாங்கி நெஞ்சுல நம்பர் பேட்ஜ் குத்திட்டு. ஒரு காருக்கு மாட்ட ஒரு காசு, கழட்ட ஒரு காசுன்னு வாங்குவாங்க. சின்ன கார் டயர் ரெண்டு, பத்து நிமிஷ வேலை. அதே ரோட்டோரத்துல அவருக்கு பின்னாடி நான் ஒவ்வொண்ணும் முப்பது கிலோவுக்கு மேல இருக்குற செயினத் தூக்கிட்டு இருப்பேன். அது கூலி வேலைன்னா இது என்ன வேலை?

நாமக்கல்லார்:
@சாக்ரமெண்டோ_சாரதி இத படிச்சதும் மனசுக்குள்ள என்னமோ செஞ்சிருச்சு ப்ரோ. பெர்மிட் குடுத்து பேட்ஜ் குத்துற அளவுக்கு அது தொழில்னு கவர்மெண்டே ஒத்துக்குது.

@பழைய_சில்லு அண்ணே, நீங்க சொன்னது சரி, நான் சேரும்போது மைல் ரேட் மட்டும்தான் கேட்டேன். இன்னொரு சந்தேகம், லாக்ல, அதான் வேலை நேரப் பதிவுல, அந்த நேரத்த எப்படி போடுறது? கூட ஓட்டுற ஒருத்தர் "ஆஃப் டியூட்டி போட்டுக்கோ, மணி மிச்சமாகும், இல்லன்னா ஊர் போய் சேர மாட்ட"ன்னு சொல்லிக் குடுத்தாரு, நானும் அப்படித்தான் போட்டிருக்கேன்.

கணக்கு_மேசை:
தம்பி, அங்கதான் தப்பு பண்ணிட்டீங்க, கோச்சுக்காம கேளுங்க. நான் ப்ராம்ப்டன்ல 11 வருஷமா டிரான்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு சம்பளக் கணக்கு பாக்குறேன், ரெண்டு பக்கத்தையும் பாத்தவ.

செயின் மாட்டுறது வேலை, அது ஆன் டியூட்டி. ஓட்டாத நேரம்தான் ஆனா வேலை நேரம். ஒரு நாளைக்கு 14 மணி நேரம்தான் வேலைங்குற கணக்குல அது சேரும், 7 நாளைக்கு 70 மணிங்குற சைக்கிள்லயும் சேரும். அதனாலதான் எல்லாரும் ஆஃப் டியூட்டில ஒளிச்சு வைக்கிறாங்க. அப்படி வைக்கும்போது ரெண்டு கெடுதல் நடக்குது. ஒண்ணு, அது பொய் லாக், பிடிச்சா உங்க தலைல. ரெண்டாவதுதான் பெருசு, நாளைக்கு நீங்க "ரெண்டரை மணி நேரம் வேலை பாத்தேன்"னு கேட்டா கம்பெனி உங்க ஈ.எல்.டி. லாக்கையே, அதான் வண்டி மெஷின்ல பதிவான நேரத்தையே எடுத்து நீட்டும், அந்த நேரத்துல நீங்க ஓய்வுல இருந்தீங்கன்னு உங்க கையாலயே எழுதிக் குடுத்திருக்கீங்களேன்னு. சாட்சியே உங்களுக்கு எதிரா நிக்கும்.

இப்ப சட்டம் என்னன்னு பாப்போம், பொய் நம்பிக்கை குடுக்க நான் விரும்பல. நீங்க மாகாணம் தாண்டி ஓட்டுறதால ஃபெடரல் சட்டத்துல, கனடா லேபர் கோடுல வர்றீங்க. செயினுக்குன்னு தனியா இத்தன டாலர் குடுன்னு அதுல எங்கயும் கிடையாது. மைல் கணக்குல வாங்கினாலும் மொத்த வேலை நேரத்துக்கு வகுத்துப் பாத்தா குறைஞ்சபட்ச கூலிக்கு கீழ போகக்கூடாது, ஃபெடரல் ரேட் 2025 ஏப்ரல்ல 17.75 டாலர் ஆச்சு. நல்ல வாரத்துல நீங்க அதுக்கு மேலதான் இருப்பீங்க. ஆனா ரோடு மூடி நின்னு, செயின் மாட்டி, லோடுக்கு காத்துக் கிடந்த ஒரு வாரத்த எடுத்து வகுத்துப் பாருங்க, சில பேருக்கு ரொம்ப கிட்ட வந்து நிக்குது.

அதவிட முக்கியம் ஓவர்டைம். ஹைவே டிரைவருக்கு வாரம் 60 மணி தாண்டினா ஒன்றரை மடங்கு. அந்த 60ல ஓட்டுன நேரம் மட்டுமில்ல, மாட்டின நேரம், கழட்டின நேரம், வண்டி செக் பண்ணின நேரம் எல்லாம் வேலை நேரம்தான். ஆஃப் டியூட்டில போட்டா அந்த மணி காணாமப் போயிடும். நான் பாத்த லாக்குல பனிக்கால மாசத்துல 60 தாண்ட வேண்டிய வாரம் எல்லாம் 57, 58ன்னு நிக்கும். எங்க போச்சு மிச்சம்னு தேடுனா ரோட்டோரத்துல ஒரு மணி நேர "ஓய்வு" நாலு தடவ இருக்கும், நட்ட நடு ராத்திரி, பாக்ஸ் கேன்யன்ல. அங்க யாரு போய் ஓய்வெடுப்பா?

டிஸ்பாட்ச்_டேபிள்:
நானும் இந்தப் பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன், திட்டுறவங்க திட்டுங்க. நான் ஒரு சின்ன ஃப்ளீட்டுக்கு டிஸ்பாட்ச் பாக்குறேன், எந்த வண்டிக்கு எந்த லோடுன்னு பிரிச்சு அனுப்புற வேலை, 22 வண்டி. லோடு குடுக்குறவங்க கோடைக்கும் குளிருக்கும் ஒரே ரேட்தான் தர்றாங்க, பனின்னு சொல்லி பத்து டாலர் கூட கேட்டா அடுத்த ஆளுகிட்ட லோட குடுத்துருவாங்க. நாங்க ஒரு தடவைக்கு 40 தர்றோம், ஃபோட்டோ கேக்குறோம், லொகேஷனோட. மணிக்கூலியா குடுத்தா, லேசா பனி தூவினாலே மாட்டிட்டு உக்காந்துருவாங்களோன்னு முதலாளிக்கு பயம். ஃபோட்டோ கேக்குறது சந்தேகத்துல இல்ல, எங்களுக்கும் கணக்கு காட்டணும்.

பழைய_சில்லு:
40 தாறியள் எண்டா நீங்கள் நல்ல ஆள், உங்களைத் திட்ட மாட்டன். ஆனா அந்தப் பயத்தை உங்கட முதலாளி விடோணும். தேவையில்லாமல் ஆர் தம்பி மாட்டப் போறான்? இரட்டைச் சில்லுக்குப் போடுற மூண்டு ரெயில் சங்கிலி ஒண்டைத் தூக்கிப் பாக்கச் சொல்லுங்கோ. ஜக்கற் நனைஞ்சு, கைவிரல் உணர்ச்சி போய், உள்பக்கக் கொழுக்கியைக் கண்ணால பாக்காமல் கைத்தடவலில பூட்டி, பக்கத்தால மற்ற வண்டி 80 இல பனிச்சேறை அள்ளி முகத்தில அடிச்சுக்கொண்டு போகும். 40 டொலருக்கு ஆசைப்பட்டு இதைச் செய்யிற மனிசனை நான் இருவது வருசத்தில காணேல்ல. நான் கண்டது மற்றப் பக்கம், காசு இல்லை எண்டதால மாட்டாமல் ஏறிப் பாப்பம் எண்டு போய், கோகிஹல்லா ஸ்னோஷெட் ஏத்தத்தில பாதியில சில்லு சுத்தி, ட்ரெய்லர் குறுக்கால போய் ரோட்டையே அடைச்சுக்கொண்டு நிக்கிற ஆக்கள். ஒருத்தர் அப்பிடி நிண்டா பின்னால ஆயிரம் வண்டி.

கொலராடோவில இதுக்கெண்டே தண்டத்தைக் கூட்டி வைச்சிருக்கினம். ஐ-70 இல சங்கிலி பூட்டாமல் ஓடினா 500 உம் மேல சார்ஜும், பூட்டாமல் போய் ரோட்டை அடைச்சா 1000 உம் மேல சார்ஜும். செப்ரெம்பர் 1 இல இருந்து மே 31 வரைக்கும் கொண்டு திரியோணும், டொட்செரோவில இருந்து மொறிசன் வரைக்கும். ரோடு அடைபட்டா எவ்வளவு நட்டம் எண்டு அரசாங்கத்துக்கு விளங்குது. மாட்டுறவனுக்குக் குடுக்கிற 50 டொலர் அந்த நட்டத்துக்கு முன்னால என்ன?

பனியில்_விழுந்தவன்:
நான் இங்க எழுதுறது குறைவு. ஆனா இதை எழுதாமல் இருக்க ஏலாது.

மூண்டு வருசத்துக்கு முந்தி, பெப்ரவரி மாசம், கோல்டனுக்கு இங்கால சங்கிலி கழட்டிக்கொண்டு நிண்டனான். கழட்டேக்கதான் எல்லாரும் கவனம் விடுறது, மாட்டேக்க இருக்கிற பயம் கழட்டேக்க இல்லை. கையில ஒண்டைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால இருக்கிற கொழுவிக்குக் கொண்டு போகேக்க கால் சறுக்கிப்போட்டுது, கீழ கண்ணாடி மாதிரி ஐஸ், சங்கிலியோட விழுந்தன். வலது மணிக்கட்டு ரெண்டு இடத்தில உடைஞ்சுது. ஒரு கையால வண்டியைக் கொண்டு போய் கோல்டனில விட்டன்.

அதுக்குப் பிறகுதான் மற்றது. நான் அப்ப "இன்க்" ஆக ஓடினன், என்ர பேரில ஒரு கொம்பனி திறக்கச் சொல்லி, அதுக்குத்தான் காசு போட்டவை, வரி மிச்சம் எண்டு சொன்னவை. வண்டி அவையிட, லோட் அவையிட, எப்ப போகோணும் எப்ப வரோணும் எண்டு சொல்லுறதும் அவை. ஆனா கை உடைஞ்ச அண்டைக்கு நான் அவையிட வேலையாள் இல்லையாம். ஒன்ராறியோவில சுயமா ஓடுறவருக்கு டபிள்யூ.எஸ்.ஐ.பி. எண்ட வேலைக்காயக் காப்புறுதி தானா வராது, நாங்களே விருப்பக் காப்புறுதி வாங்கியிருக்கோணும். நான் வாங்கேல்ல, அப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாது. நாலு மாசம் வீட்டில. மனிசி ரெண்டு வேலை செய்தவ.

சங்கிலிக் காசு 25, 50 எண்டு கதைக்கேக்க இதையும் யோசியுங்கோ. மைலுக்கு மட்டும்தான் காசு எண்டு ஒருத்தன் சொன்னா, சில்லு நிண்டிருக்கிற நேரத்தில நீ அவனுக்கு ஆளே இல்லை எண்டதுதான் அதின்ர அர்த்தம்.

கணக்கு_மேசை:
அண்ணா, படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். மணிக்கட்டு இப்ப பரவாயில்லையா?

மத்தவங்களுக்காக சொல்றேன். உண்மையில வேலைக்காரரா இருக்குற ஒருத்தர சுயதொழில்னு காட்டுறது 2021 ஜனவரி 1ல இருந்து கனடா லேபர் கோடுலயே நேரடியா தடை. நீங்க வேலைக்காரர் இல்லன்னு நிரூபிக்க வேண்டியது முதலாளி, நீங்க இல்ல. வண்டி யாரோடது, நேரத்த யாரு சொல்றா, லோட மறுக்க முடியுமா, இதெல்லாம் பாப்பாங்க. நம்ம ஆளுங்க, பஞ்சாபி ஆளுங்க நிறைய பேர் இதுல மாட்டியிருக்காங்க. தம்பி நாமக்கல்லார், நீங்க சம்பளக்காரருக்குக் குடுக்குற டி4 சீட்டு வாங்குறீங்களா, இல்ல இன்க்கா?

நாமக்கல்லார்:
டி4 தான்க்கா. கம்பெனி எனக்காக வாங்கின எல்.எம்.ஐ.ஏ. அனுமதில வந்தேன், அதனாலதான் சத்தமா கேக்க பயமாவும் இருக்கு, பி.ஆர். (நிரந்தரமா தங்குற உரிமை) இன்னும் வரல.

@பனியில்_விழுந்தவன் அண்ணே, என்ன சொல்றதுன்னு தெரியல. நான் கழட்டும்போது அவசர அவசரமாத்தான் கழட்டுறேன், இனிமே மாட்டேன்.

கணக்கு_மேசை:
பயம் எனக்குப் புரியுது. அதனால சண்டை போடாதீங்க, எழுத்துல கேளுங்க. போன ட்ரிப்போட தேதி, இடம், மாட்டின நேரம், கழட்டின நேரம் நாலு வரியில எழுதி, "செயின் நேரத்துக்கு கம்பெனியோட ரேட் என்ன, எந்தக் கோடுல நான் எழுதணும்"னு மட்டும் ஒரு ஈமெயில். குற்றம் சொல்ற மாதிரி ஒரு வார்த்தை வேண்டாம். பதில் என்ன வந்தாலும் அது உங்க கையில ஒரு காகிதம். இனிமே லாக்ல ஆன் டியூட்டி, குறிப்புல "செயின் மாட்டினேன், பாக்ஸ் கேன்யன்"னு போடுங்க. சம்பள பாக்கின்னு ஃபெடரல் அரசோட லேபர் புரோகிராம்ல புகார் குடுக்கணும்னா, குடுத்திருக்க வேண்டிய நாள்ல இருந்து 6 மாசத்துக்குள்ள குடுக்கணும், அத மட்டும் மறந்துடாதீங்க. புகார் குடுத்ததுக்காக வேலைய விட்டு எடுக்கக் கூடாதுன்னும் அதே சட்டத்துல இருக்கு.

சாக்ரமெண்டோ_சாரதி:
காசு பேச்சு ஒரு பக்கம். 55 நிமிஷம்ங்குறது அதிகம், அதக் குறைக்கலாம். செப்டம்பர்லயே வெயில்ல வண்டிய நிறுத்தி ரெண்டு தடவ மாட்டிப் பழகுங்க. ஒவ்வொரு செயினையும் முறுக்கு எடுத்துட்டு மாட்டி வைங்க, இருட்டுல முறுக்கு எடுக்குறதுதான் பாதி நேரத்தத் தின்னுது. கொக்கியோட கூர் பக்கம் வெளிய பாக்கணும், உள்ள பாத்தா டயரக் கிழிச்சிரும். உள்பக்கக் கொக்கி முதல்ல, அப்புறம் வெளிப்பக்கம், அப்புறம் கேம்ங்குற இறுக்குற திருகைத் திருப்பி இறுக்கி ரப்பர் பட்டை. கொஞ்ச தூரம் உருட்டிட்டு இறங்கி திரும்ப இறுக்குங்க, முதல் இறுக்கு எப்பவும் தளரும். தளந்த செயின் அறுந்து சுழன்டா ஏர் லைன், மட் ஃப்ளாப் எல்லாத்தையும் பிச்சுட்டுப் போயிரும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகவே கூடாது. தார் தெரிஞ்சா உடனே கழட்டணும்.

பழைய_சில்லு:
இன்னொண்டு, நிக்கிறதுக்கும் உனக்கு உரிமை இருக்கு தம்பி. லைற் எரிஞ்சா ஒண்டில் மாட்டு, இல்லாட்டி அங்கயே நில். உன்ர மனசு சரியில்லை எண்டு சொன்னா டிஸ்பாட்ச் என்ன கத்தினாலும் நில். ரோஜர்ஸ் பாஸில ஆமிக்காரர் பீரங்கி வைச்சுப் பனியைச் சுட்டு விழுத்துற இடம் அது, அந்த மலை உன்ர லோடின்ர நேரத்தைப் பாக்காது.

நாமக்கல்லார்:
ஆறு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிச்சுக்கோங்க.

அக்கா சொன்ன மாதிரியே ஈமெயில் போட்டேன். ஒரு வாரம் பதில் இல்ல. அப்புறம் ஆபீஸ்ல கூப்பிட்டு, கோபமா இல்லாம சாதாரணமாத்தான் பேசினாங்க, ஒரு தடவைக்கு 30ன்னு ஒத்துக்கிட்டாங்க, இனிமேலுக்கு. பழசுக்கு முடியாதாம். நான் மட்டும் இல்ல, எங்க யார்டுல மேற்க ஓட்டுற 8 பேருக்கும். இந்தச் சீட்டுல "செயின் 5"ன்னு ஒரு வரி வந்திருக்கு, 150 டாலர். பழைய நவம்பர், டிசம்பர் கணக்கு எழுதி வச்சிருக்கேன், ஆனா அந்த நேரத்த நான்தான் ஆஃப் டியூட்டில போட்டிருக்கேன், அதுக்கு என்ன செய்யுறதுன்னு அக்காகிட்ட தனியா பேசணும். பொய் லாக் போடுறத நிறுத்திட்டேன், ஒரு நாள் 14 மணி முடிஞ்சு ரெவல்ஸ்டோக்லயே படுத்தேன், லோடு லேட், யாரும் ஒண்ணும் சொல்லல.

இப்ப மாட்ட 35 நிமிஷம்தான் ஆகுது. கைதான் தாங்க மாட்டேங்குது, துணி கிளவுஸ் அஞ்சு நிமிஷத்துல நனைஞ்சு உறைஞ்சிருது. என்ன கிளவுஸ் போடுறீங்க எல்லாரும்?

பழைய_சில்லு:
மீன்பிடிக்கிற ஆக்கள் போடுற ரப்பர் கையுறை எடு, உள்ளுக்குள்ள பஞ்சு வைச்சது. ஒரு அளவு பெருசா எடு, உள்ள மெல்லிய கம்பளிக் கையுறை போடலாம். ரெண்டு சோடி வைச்சிரு, ஒண்டு டாஷ்போர்டில ஹீற்றருக்கு மேல காயட்டும். முழங்காலுக்குக் கீழ போட பழைய கார் ரப்பர் மற் ஒண்டும் கொண்டு போ. கம்லூப்ஸில வாற சனிக்கிழமை நிப்பன், எனக்குக் கூடுதலா ஒரு சோடி கிடக்கு, நீ அந்தப் பக்கம் வந்தா வாங்கிக்கொண்டு போ.